ஊருக்குப் போன இடத்தில் கேக்கும் கூடையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன டிசம்பரில் முத்துநகர் எக்ஸ்பிரஸைவிட்டுத் தூத்துக்குடியில் இறங்கியபோது என் பையில் மைதா, பேக்கிங் பவுடர், கேக் அச்சு, இரண்டு ரோல் கூடை வயர், குரோஷே ஊசி, அதற்கான நூல் என்று ஒரு கடையே இருந்தது. விடுமுறையோ நான்கு நாள். அதில் ஒரு நாள் உறவினர் வீடுகளுக்கே சரியாகிவிடும். குரோஷே ஊசி பையைவிட்டு வெளியே வரவேயில்லை. மைதாவும் வயரும் எங்கள் தெருமுனையிலேயே கிடைக்கும் என்பதை அம்மா சொல்லித்தான் நினைத்துப் பார்த்தேன். ஒரு கேக், ஒரு கைவேலை. நான்கு நாளுக்கு அவ்வளவுதான் தாங்கும்.

அம்மா வீட்டில் ஓவன் கிடையாது, குக்கர்தான். குக்கரில் கேக் அருமையாக வரும். ஆனால் தவறு செய்யவும் அதில்தான் இடம் அதிகம். பழக்கதோஷத்தில் அடியில் தண்ணீர் ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. ஊற்றினால் ஆவியில் வெந்து இனிப்பு இட்லி மாதிரி ஒன்று வரும். கேக்குக்கு வேண்டியது உலர்ந்த சூடு. அடியில் ஓர் அங்குல உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி (எங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்!), அதன்மேல் ஒரு தாங்கியை வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்க வேண்டும். பிறகு கேக் பாத்திரத்தை இறக்கித் தீயைக் குறைத்துவிட வேண்டும். அந்த உப்பை ஆறவிட்டு ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த கேக்குக்கும் ஆகும். குழம்புக்குப் போடாதீர்கள்.

மூடியில் வெயிட்டும் இருக்கக்கூடாது, கேஸ்கட்டும் இருக்கக்கூடாது. வெயிட்டை எடுக்க எல்லாருக்கும் நினைவிருக்கும். கேஸ்கட்டை நான் மறந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது கேக் முழுக்க ரப்பர் வாடை. கேஸ்கட் இறுகி வளையாமல் போயிருந்தது. அம்மா கேக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காலையில் சோறு எதில் வைப்பது?" என்றுதான் கேட்டார். உலர்ந்த சூடு குக்கருக்கே நல்லதில்லை. அதனால் புதுக் குக்கரைத் தொடாமல், பரணில் கிடக்கும் பழைய கனமான குக்கரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இடையில் திறந்து பார்க்கும் ஆசை பெரிய எதிரி. முதல் அரை மணி நேரம் திறந்தால் சூடு இறங்கி நடுப்பகுதி குழிந்துவிடும். வாசனை கூடம்வரை வந்த பிறகு ஒரு சுத்தமான ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தால் போதும்.

அடுத்தது ஆப்ப சோடா. பேக்கிங் பவுடர் இல்லையென்றால் அளவு மாற்றாமல் இதைப் போட்டுவிடுகிறோம். சோடாவுக்கு வீரியம் மூன்று நான்கு மடங்கு. ஒரு கப் மாவுக்குக் கால் டீஸ்பூன் தாராளம். அதற்குத் துணையாகத் தயிர் மாதிரி ஒரு புளிப்பும் வேண்டும், இல்லாவிட்டால் சோப்புக் கசப்பு நாக்கில் நிற்கும். புளிப்போடு சேர்ந்த உடனே சோடா பொங்கத் தொடங்கிவிடும். எனவே மாவைக் கலந்த பிறகு குக்கரைத் தேடக்கூடாது. குக்கர் சூடாகிக்கொண்டிருக்கும்போது மாவைக் கலக்க வேண்டும். சோடா டப்பா எத்தனை வருடப் பழையது என்று தெரியாவிட்டால், ஒரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். நுரைக்கவில்லையென்றால் பாத்திரம் துலக்க வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, ஃப்ரிட்ஜில் கிண்ணத்தில் தனியாக இருக்கும் தயிரை எடுக்காதீர்கள். அது நாளைய உறைக்கு வைத்தது. இதை நான் அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

செய்முறையில் ஒரு கப் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 240 மில்லி. அம்மா வீட்டுத் தம்ளர் அதைவிடச் சிறிதாக இருக்கலாம். மாவு, சர்க்கரை, எண்ணெய் மூன்றையும் ஒரே தம்ளரால் அளந்தால் விகிதம் கெடாது. ஆனால் தம்ளர் சிறுத்தால் முட்டை சேர்ந்து சிறுக்காது. அங்கேதான் மாவு நீர்த்துப்போகும். மாவரைத்து வைக்கும் சட்டியில் கலப்பதையும் விட்டுவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் இட்லி மாவின் புளித்த வாசனை வெண்ணெயில் ஏறிக்கொள்ளும்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இன்னொரு ஆசை வரும்: மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, மூன்றே பொருள்தானே என்று தோன்றும். பாத்திரத்தில் துளி எண்ணெய்ப் பிசுக்கோ மஞ்சள் கருவோ இருந்தால் வெள்ளைக்கரு சரியாக நுரைக்காது. முந்திரியை மிக்ஸியில் தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக்கொள்ளும். விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். இவை இரண்டிலும் தப்பித்தாலும் இளஞ்சூட்டில் நெடுநேரம் உலர வேண்டும். அதற்குப் பேக்கரி அடுப்பு வேண்டும், மூடிய குக்கர் உதவாது. டிசம்பர் ஈரக்காற்றும் கடற்கரை ஊரும் சேர்ந்தால் ஆறுவதற்குள் பிசுபிசுக்கும். கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

கூடைக்கு வருகிறேன். எங்கள் சித்தி வயரைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். முடிச்சு ஒன்றுபோல் விழும். நான் பேசினால் முடிச்சு தளரும், மௌனமானால் இறுகும். விளைவு, கூடை ஒருபக்கம் சாய்ந்தது. எடுத்த எடுப்பில் சிவன் கண் என்னும் சிக்கலான முடிச்சைப் போட ஆசைப்பட்டதும் தவறு. சாதா முடிச்சில் கை ஒரே இழுப்புக்கு வந்த பிறகுதான் அதெல்லாம். வயரைக் கஞ்சத்தனமாக வெட்டுவது இன்னொன்று. நடுவில் ஒட்டுப்போட்டால் அந்த இடம் புடைத்துக்கொண்டு தெரியும். ஒரு துண்டு வயரில் பத்து முடிச்சு போட்டுப் பார்த்து, எவ்வளவு நீளம் தின்கிறது என்று கணக்கெடுத்து, அதற்குமேல் ஒரு முழம் சேர்த்து வெட்டுங்கள். முடிந்ததும் நுனியை ஒட்ட நறுக்காமல், உள்பக்கம் இரண்டு மூன்று முடிச்சுக்குள் செருகி வெட்டுவதே முறை. இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். கைப்பேசியில் பார்த்த முறையைச் சித்தியிடம் காட்டித் திருத்தப் போகாதீர்கள். பாதிக் கூடையை வைத்துவிட்டு எழுந்துவிடுவார், எஞ்சியதை நீங்கள்தான் முடிக்க வேண்டும்.

என் சாய்ந்த கூடையில் அம்மா சின்ன வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார். கேக்கின் மிச்சத்தை நான் சூட்டோடு டப்பாவில் அடைத்து ரயிலேறினேன். மூடிக்குள் வியர்த்து, மறுநாள் காலை எழும்பூரில் திறந்தபோது மேல்பகுதி சொதசொதவென்று இருந்தது. இரண்டு மணி நேரமாவது ஆறவிட்டு, துணியில் சுற்றி எடுத்துவந்திருக்க வேண்டும்.