லண்டன் உணவுச் சுற்றுலா: பணம் கட்டும்போதே நடந்துவிடும் தவறுகள்

பிரிட்டிஷ் சாப்பாட்டில் ருசி கிடையாது என்பது நம்மவர்களில் பலர் சாப்பிட்டுப் பார்க்காமலேயே எடுத்துவிட்ட முடிவு. அதைச் சோதித்துப் பார்க்க நல்ல வழி, ஊர் தெரிந்த வழிகாட்டி ஒருவருடன் மூன்று நான்கு மணி நேரம் நடந்து, ஆறேழு கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது. லண்டனில் இத்தகைய சுற்றுலாக்கள் அனேகமாகத் தினமும் நடக்கின்றன. ஆளுக்குச் சுமார் 70 முதல் 100 பவுண்டு வரை ஆகும். குடும்பத்தோடு போனால் சின்னத் தொகை அல்ல.

அவ்வளவு கொடுத்துவிட்டு, வைத்த தட்டில் பாதியைத் தொடாமல் திரும்புகிறவர்கள் உண்டு. பழி சமையல்காரர் மேல் விழுகிறது. உண்மையில், பதிவு செய்யும்போது கேட்க வேண்டியதைக் கேட்காமலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும் விட்டதன் பலன்தான் அது.

தலைப்பைப் பார்த்துப் பதிவு செய்வது

எல்லா நிறுவனங்களும் ‘பாரம்பரிய பிரிட்டிஷ் உணவு’ என்றுதான் விளம்பரம் செய்கின்றன. ஆனால் தட்டில் என்ன வரும் என்பதைத் தீர்மானிப்பது நடக்கும் பாதை. லண்டனில் இரண்டு பாதைகள் பிரபலம்.

ஒன்று, லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்தை ஒட்டிய பரோ மார்க்கெட். பாலாடைக்கட்டி, பன்றி இறைச்சிப் பை (மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்துச் சுடும் ‘pie’), மாவில் சுற்றிய சாஸேஜ் ரோல், முட்டைக்கு இறைச்சி போர்த்திப் பொரித்த ஸ்காட்ச் எக், சிப்பி, ஸ்டிக்கி டாஃபி புட்டிங் போன்றவை இந்தப் பக்கம் கிடைக்கும். பாலாடைக்கட்டிக் கடையில் நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். நீலப் பூஞ்சை ஓடிய ஸ்டில்டன் என்ற பாலாடைக்கட்டி டார்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹம்ஷயர் என்ற மூன்று மாவட்டங்களில் மட்டும், அதுவும் பதப்படுத்திய பாலில் மட்டுமே செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். ஸ்டில்டன் என்ற ஊரே அந்த எல்லைக்கு வெளியே கேம்பிரிட்ஜ்ஷயரில் இருப்பதால், அங்கே செய்தால் அந்தப் பெயரை வைக்க முடியாது! பதப்படுத்தாத பாலில் அதே முறையில் செய்வதற்கு ஸ்டிச்சல்டன் என்று வேறு பெயர். இரண்டையும் அடுத்தடுத்துச் சுவைக்கக் கொடுக்கும் வழிகாட்டி கிடைத்தால் கொடுத்த காசுக்குப் பழுதில்லை.

மற்றது, கிழக்கு லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், பிரிக் லேன் பகுதி. பேக்கன் எனப்படும் உப்பிட்ட பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச், ஃபிஷ் அண்ட் சிப்ஸ், பிரெட் அண்ட் பட்டர் புட்டிங் எல்லாம் இங்கேயும் உண்டு. கூடவே யூதர்களின் பெய்கல் என்ற வளைய ரொட்டியும் வங்கதேசத்து சில்ஹெட்காரர்களின் கறியும் வரும். இதைப் பார்த்து “கறி சாப்பிடவா லண்டனுக்கு வந்தோம்?” என்று முகம் சுளிப்பது அடிக்கடி காணும் காட்சி.

அந்தக் கோபத்தில் நியாயம் குறைவு. ஷேக் தீன் முகமது லண்டனில் இந்திய உணவகம் திறந்தது 1810-இல். ஃபிஷ் அண்ட் சிப்ஸுக்கென்று ஜோசப் மாலின் கிழக்கு லண்டனில் கடை போட்டது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1860 வாக்கில் என்று சொல்கிறார்கள். மாலின் ஒரு யூதர். மீனை மாவில் தோய்த்துப் பொரிக்கும் வழக்கமே ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமிருந்து வந்த யூதர்கள் கொண்டுவந்தது. பிரிக் லேனில் இருக்கும் பள்ளிவாசல் கட்டடம் 1743-இல் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளின் தேவாலயமாகக் கட்டப்பட்டு, பின்னர் மெதடிஸ்டுகளிடம் போய், 1898-இல் யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976-இல் பள்ளிவாசல் ஆனது. அந்தத் தெருவின் சாப்பாடும் அதே வரிசையில்தான் வந்து சேர்ந்தது. 2001-இல் வெளியுறவு அமைச்சர் ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவை பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்று மேடையிலேயே சொன்னார்.

இருந்தாலும் பையும் புட்டிங்கும் மட்டும்தான் வேண்டும் என்பவர் கிழக்கு லண்டன் பாதையை எடுக்கக் கூடாது. பரோ மார்க்கெட்டிலும் ஸ்பானிய, இத்தாலிய, ஆப்பிரிக்கக் கடைகள் நிறைய இருக்கின்றன. எனவே உணவுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நட்சத்திர மதிப்பீடு அந்தப் பட்டியலுக்கு ஈடாகாது. ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்யும் ஹாகிஸ் சாப்பிட ஆசைப்பட்டால் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கும், பூரணம் வைத்து மடித்துச் சுடும் பேஸ்டிக்குக் கார்ன்வாலுக்கும் போவதே முறை.

‘நான் வெஜிடேரியன்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது

நம் வாசகர்களுக்கு இதுதான் பெரிய பள்ளம். பிரிட்டனில் வெஜிடேரியன் என்றால் முட்டை சாப்பிடுகிறவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். முட்டை தொடாதவர் அதைத் தனியாகச் சொல்லவில்லை என்றால் புட்டிங்கில், கேக்கில், யார்க்ஷயர் புட்டிங்கில் அது தாராளமாக வரும். அதற்குப் பயந்து வீகன் என்று சொல்லிவிட்டால் பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, கிளாட்டட் கிரீம் அத்தனையும் போய்விடும். பரோ மார்க்கெட்டின் பாதி அழகும் அதோடு போயிற்று. “பால் பொருள் சாப்பிடுவேன், முட்டை, மீன், இறைச்சி சாப்பிட மாட்டேன்” என்று முழு வாக்கியமாக எழுதுவதே பாதுகாப்பு.

அதுவும் போதாது. பழைய பிரிட்டிஷ் சமையலின் ருசி கொழுப்பில் இருக்கிறது. அந்தக் கொழுப்பு பெயரில் தெரியாது. யார்க்ஷயர் பக்கம் பல கடைகளில் சிப்ஸ் பொரிப்பது டிரிப்பிங் எனப்படும் மாட்டுக்கொழுப்பில். தாவர எண்ணெய் பயன்படுத்தும் கடையிலும் மீன் பொரித்த அதே எண்ணெயில் உருளைக்கிழங்கு விழலாம். ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் என்ற சுட்ட இறைச்சிச் சாப்பாட்டில் வரும் உருளைக்கிழங்குக்கு வாத்துக் கொழுப்போ டிரிப்பிங்கோ ஊற்றுவது வழக்கம். கிறிஸ்துமஸ் புட்டிங், ஸ்பாட்டட் டிக், மின்ஸ் பை ஆகிய இனிப்புகளில் உலர்ந்த திராட்சை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பழைய முறைப்படி செய்தால், உள்ளே மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் சூயட் என்ற கொழுப்பும் இருக்கும். தாவரக் கொழுப்பில் செய்த சூயட்டும் கடைகளில் கிடைக்கிறது. எது என்று கேட்டால்தான் தெரியும். டிரைஃபிள் என்ற அடுக்கு இனிப்பின் அடியில் நடுங்கும் ஜெல்லியில் ஜெலட்டின். வெல்ஷ் ரேர்பிட் வெறும் பாலாடைக்கட்டி தடவிச் சுட்ட ரொட்டிதான், ஆனால் பலர் அதில் சேர்க்கும் வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கிறது. பழைய முறைப் பாலாடைக்கட்டி சிலவற்றில் பாலைத் திரிய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ப்பார்கள்.

கடைகளில் ஒவ்வாமை அட்டவணை இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். கோதுமை, பால், முட்டை, மீன், கடுகு, எள், வேர்க்கடலை என்று 14 பொருள்களுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் ஜெலட்டினும் அந்தப் 14-இல் இல்லை. உடம்புக்கு ஆகாததைத்தான் சட்டம் கவனிக்கிறது. மனத்துக்கு ஆகாததை நாம்தான் சொல்ல வேண்டும்.

மாட்டிறைச்சி மட்டும் சாப்பிடாதவர்களும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும். ஷெப்பர்ட்ஸ் பை என்றால் ஆட்டுக்கறி, காட்டேஜ் பை என்றால் மாட்டுக்கறி. மேலே மசித்த உருளைக்கிழங்கு போர்த்தியிருப்பதால் பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கார்னிஷ் பேஸ்டி என்ற பெயருக்கு 2011 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. உள்ளே மாட்டிறைச்சி இருந்தே ஆக வேண்டும். பிரிக் லேன் பெய்கல் கடைகளின் புகழே உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சிதான். பிளாக் புட்டிங் என்றதும் இனிப்பு என்று எண்ணி வாயில் போட்டுவிடாதீர்கள்; அது பன்றி ரத்தத்தில் செய்யும் சாஸேஜ்.

மது தொடாதவர்களுக்கு இன்னொரு வரி. டிரைஃபிளில் ஷெர்ரி, கிறிஸ்துமஸ் புட்டிங்கில் பிராந்தி, மீனுக்கான மாவில் பீர், சில பைகளில் ஏல் என்ற பீர் வகை என்று மது உணவுக்குள்ளேயே வரும். பப்பில் நிற்கும் சுற்றுலாக்களில் பீருக்குப் பதில் வேறு பானம் தருவார்கள், கேட்டால்.

இதையெல்லாம் கடைவாசலில் வைத்து வழிகாட்டியிடம் சொன்னால் அவர் பாவம், என்ன செய்வார்? பன்னிரண்டு பேருக்கான தட்டுகள் காலையிலேயே சொல்லிவைக்கப்பட்டிருக்கும். பதிவு செய்யும்போதே எழுதுங்கள். இரண்டு நாள் முன்னதாக ஒரு முறை நினைவூட்டுங்கள். எத்தனை கடைகளில் மாற்று உணவு உண்டு என்று கேளுங்கள். ‘சமாளித்துக்கொள்ளலாம்’ என்ற தொனியில் பதில் வந்தால், ஏழு கடைகளில் நான்கில் உங்களுக்கு வெறும் ரொட்டி என்று பொருள். அந்த இடத்தை விட்டுவிட்டு, சைவப் பாதை தனியாக நடத்துகிறவர்களைத் தேடுவது நல்லது. ஸ்காட்லாந்தில் சைவ ஹாகிஸ் 1984-இலேயே கடைக்கு வந்துவிட்டது, அதனால் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

நாளும் பருவமும் பாராமல் போவது

பரோ மார்க்கெட்டுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சனிக்கிழமை நண்பகலில் வழிகாட்டியின் குரலே காதில் விழாத கூட்டம். செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை நேரச் சுற்றுலாவே என் தேர்வு. பிரிக் லேன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையால் நிரம்பி வழியும். அதை ரசிப்பவர் போகலாம். ரோஸ்ட் வேண்டும் என்றால் ஞாயிறு மதியம் பப்புக்குத்தான் போக வேண்டும், புதன்கிழமைச் சுற்றுலாவில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

பருவமும் உண்டு. அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய்கறி, பிரிட்டனில் விளைவது, ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை. உள்நாட்டுச் சிப்பி வகை செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை. மின்ஸ் பை டிசம்பரில்.

வார இறுதிகளில் பராமரிப்புக்காக டியூப் எனப்படும் சுரங்க ரயில் தடங்கள் சிலவற்றை மூடிவிடுவார்கள், முந்தின இரவே பார்த்துவையுங்கள். லண்டன் பிரிட்ஜ் நிலையத்துக்கு வாசல்கள் பல. சந்திக்கும் இடம் எந்த வாசல் என்று தெரியாமல் பத்து நிமிடம் சுற்றினால் கூட்டம் முதல் கடைக்குப் போயிருக்கும்.

வயிறு

விடுதியில் காலை உணவு இலவசம் என்பதற்காக முட்டை, பேக்கன், பீன்ஸ், வறுத்த ரொட்டி என்று முழு இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட்டை முடித்துவிட்டுச் சுற்றுலாவுக்கு வருவது வீண். முதல் கடையிலேயே பேக்கன் சாண்ட்விச் காத்திருக்கும். வெறும் வயிற்றோடு வருவதும் வேண்டாம். தேநீர், இரண்டு பிஸ்கட் போதும். முதல் மூன்று தட்டுகளைக் காலி செய்யாமல் பாதியில் நிறுத்துவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. இனிப்பு எப்போதும் கடைசியில்தான் வரும்.

காரம் இல்லை என்று முடிவு கட்டுவது

கைப்பையில் ஊறுகாய் பாக்கெட்டோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேசையில் இருப்பதைத் தொடாமல் அதைப் பிரிப்பதுதான் எனக்குப் புரிவதில்லை. இங்கிலீஷ் மஸ்டர்டைப் பிற நாட்டு மென்மையான கடுகு விழுதென்று எண்ணி ஒரு கரண்டி வைத்துக்கொள்ளுங்கள், மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறும். ஹார்ஸ்ரேடிஷ் என்ற கார வேரின் விழுதும் அப்படித்தான். பன்றி இறைச்சிப் பைக்கும் ரோஸ்ட்டுக்கும் இவை துணை. சிப்ஸுக்கு மால்ட் வினிகர்.

பை அண்ட் மேஷ் கடை ஒன்றுக்குள் நுழைந்தால் இது இன்னும் தெளிவாகும். டவர் பிரிட்ஜ் சாலையில் எம். மான்ஸ் என்ற கடை 1902 முதல் அந்தப் பெயரில் நடக்கிறது. பச்சையும் வெள்ளையுமாகச் சுவர் ஓடுகள், பளிங்கு மேசைகள், குறுகலான மர இருக்கைகள். கொத்திய மாட்டிறைச்சி வைத்த பை ஒன்றைத் தட்டில் வைப்பார்கள். மசித்த உருளைக்கிழங்கைத் தட்டின் ஓரத்தில் இழுத்துத் தேய்ப்பார்கள். மேலே பச்சையாக, பார்ஸ்லி இலை மிதக்கும் ஒரு குழம்பை ஊற்றுவார்கள். அதற்கு லிக்கர் என்று பெயர். அதில் சாராயம் ஒரு துளியும் இல்லை. விலாங்கு மீன் வேகவைத்த நீரில் செய்வதுதான் பழைய முறை. முதல் வாய் சப்பென்றுதான் இருக்கும். மேசையில் மிளகாய் மிதக்கும் வினிகர் புட்டி இருக்கும், அதைத் தாராளமாகத் தெளித்து, பையின் மேலோட்டை உடைத்து, முள்கரண்டியும் கரண்டியுமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். தேம்ஸ் துறைமுகத் தொழிலாளிக்கு மலிவாக வயிறு நிறைந்த உணவு இது. விருந்து மேசைக்காகச் செய்ததல்ல. கூழுக்குப் பச்சை மிளகாய் போல அந்த வினிகர். அது இல்லாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஜெல்லியில் உறைந்த விலாங்கு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு துண்டு வாங்கி நான்கு பேர் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவை

பரோ மார்க்கெட்டில் கடைக்கு நேர் முன்னால் கூட்டமாக நின்று படம் எடுத்தால் பின்னால் காசு கொடுத்து வாங்க நிற்பவருக்கு எரிச்சல், ஓரமாக நில்லுங்கள். பப்பில் மேசையில் உட்கார்ந்துகொண்டு ஆள் வருவார் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலான இடங்களில் கல்லாவுக்குப் போய்க் கேட்டு, அங்கேயே பணம் கொடுத்து வாங்கிவர வேண்டும். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யாருக்குப் பின் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ரூபாய் நோட்டை ஆட்டுவது போல அங்கே நோட்டை ஆட்டினால் கடைசியாகத்தான் கவனிப்பார்கள்.

பல கடைகள் ரொக்கமே வாங்குவதில்லை, சில கடைகள் ரொக்கத்தையே விரும்புகின்றன. கார்டோடு இருபது பவுண்டு சில்லறையும் வைத்திருங்கள். உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லிலேயே 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள், அதற்கு மேல் டிப்ஸ் தேவையில்லை. வழிகாட்டிக்குக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கொடுப்பதாக இருந்தால் எல்லார் முன்னாலும் நீட்டாமல், கைகுலுக்கி விடைபெறும்போது கொடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு அவர் சொந்தக் காசில் எந்தக் கடைக்குப் போவார் என்று அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.