வாட்ச் கண்ணாடியை ஏஆர் கோட்டிங்குக்கு மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

விலை உயர்ந்த வாட்சில் மணி பார்க்கப் போனால், முள்ளுக்கு முன்னால் ஜன்னலும் டியூப்லைட்டும்தான் கண்ணில் படுகின்றன. காரணம் சஃபையர் கண்ணாடி. கீறலுக்கு அசராத பொருள்தான், கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் பத்துக்கு 9. ஆனால் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் சுமார் 1.77 என்ற அளவுக்கு அதிகம் என்பதால், ஒவ்வொரு பக்கமும் 7.7 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்தால் 14 சதவீதத்துக்கு மேல். எதிரொளிப்பைக் குறைக்கும் ஏஆர் கோட்டிங் உள்ள கண்ணாடிக்கு மாறலாம் என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் கோட்டிங் எந்தப் பக்கம் என்று கேட்காமலே பலர் வாங்கிவிடுகிறார்கள்.

இரண்டு பக்கமும் பூசியதைக் கையில் கட்டினால், டயலுக்கு மேல் கண்ணாடியே இல்லாத மாதிரி இருக்கும். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பூச்சு மக்னீசியம் ஃப்ளூரைடு போன்ற பொருள்களின் அடுக்கு. ஓர் அடுக்கு சுமார் 100 நானோமீட்டர் தடிமன், அவ்வளவுதான். சஃபையரைக் கீற வைரம் மாதிரி ஒன்று வேண்டும். வெளிப்பக்கப் பூச்சைக் கீற மணல் துகளே போதும். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஆனாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய கோடுகள் தெரியும். விரல் எண்ணெய் பட்ட இடம் நிறம் மாறிப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். தினமும் கட்டுகிற வாட்ச் என்றால் உள்பக்கம் மட்டும் பூசியதே போதும் என்பது என் கருத்து. எதிரொளிப்பு 8 சதவீதத்துக்குப் பக்கத்தில், அதாவது பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடியின் அளவுக்கு இறங்கிவிடும். பூச்சும் உள்ளே பத்திரமாக இருக்கும்.

விற்பவர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதும் இல்லை. கண்ணாடியை ஒரு பல்புக்கு நேரே சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பல்பின் பிம்பம் இரண்டாகத் தெரியும், மேல்பரப்பில் ஒன்று, அடிப்பரப்பில் ஒன்று. இரண்டும் வெள்ளையாக, ஒரே அளவு பிரகாசமாக இருந்தால் பூச்சே இல்லை. ஒன்று மட்டும் மங்கி நீலமோ ஊதாவோ அடித்தால் ஒரு பக்கம் பூசியிருக்கிறார்கள். இரண்டுமே மங்கியிருந்தால் இரு பக்கமும். அப்புறம், கோட்டிங் போட்ட பிறகும் லேசான நீலச் சாயல் இருக்கும். அதைப் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு.

அடுத்தது அளவு. விட்டம் சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. தடிமன், ஓரச் சரிவு, தட்டையா குவிந்ததா என்பதெல்லாம் பழைய கண்ணாடியோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம்கூடப் பிடிப்பைக் கெடுத்துவிடும். அழுத்தி உட்கார வைத்தால் சஃபையர் வளைந்து கொடுக்காது, ஓரம் சில்லுசில்லாகப் பெயர்ந்து டயல் மேல் விழும். கழற்றியபோது வந்த பழைய கேஸ்கெட்டையே, அதாவது கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் புகாமல் அடைக்கும் வளையத்தையே, திரும்பப் போடுவதும் வேண்டாம். நசுங்கிப்போன கேஸ்கெட் தண்ணீரைத் தடுக்காது. வேலை முடிந்ததும் நீர்புகாச் சோதனை செய்து பார்க்கும் கடையில்தான் இதைச் செய்ய வேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பொருத்திவிடும் வேலை இது இல்லை.

விற்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இன்னொரு விஷயம். வேறு நிறுவனத்தின் கண்ணாடி போட்ட வாட்சை, பிராண்டின் சொந்த சர்வீஸ் சென்டர் அப்படியே ஏற்காமல் போகலாம். ரோலெக்ஸின் புதிய மாடல்களில் 6 மணிக்கு அருகே கண்ணாடியில் லேசரால் பொறித்த மிகச் சிறிய கிரீடம் இருக்கும். விவரம் தெரிந்தவர் லென்ஸ் வைத்துத் தேடுவதில் அதுவும் ஒன்று. அது காணாவிட்டால் மொத்த வாட்ச் மேலேயே சந்தேகம் வரும். அதனால் கழற்றிய கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிடாமல், ஒரு பொட்டலத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிப்பக்கப் பூச்சுள்ளதைத்தான் வாங்குவேன் என்றால், கீறல் போக்கும் பாலிஷ் பேஸ்ட் பக்கமே போகாதீர்கள். பேஸ்ட் கீறலோடு சேர்த்துப் பூச்சையும் சுரண்டி எடுத்துவிடும், அதுவும் திட்டுத்திட்டாக. தூசியை முதலில் ஊதிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியை லேசாக ஈரமாக்கித் துடைத்தால் போதும்.