"அவனுக்கு என்ன தெரியும்?": தானே முடிவெடுக்கப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட மாற்றுத்திறனாளிப் பிள்ளையைத் தானே முடிவெடுக்கப் பழக்க வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். பழக்கும் விதத்தில்தான் கோட்டை விடுகிறோம், வேலூரில் இருந்துகொண்டே!

முதல் தவறு, கேட்டுவிட்டு நாமே பதில் சொல்வது. "டீயா, பாலா?" என்று கேட்ட மறுநொடியே "அவன் பால்தான் குடிப்பான்" என்கிறார் அம்மா. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்குக் கேட்டதை வாங்கி யோசிக்கவே நேரம் பிடிக்கும். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் வராவிட்டால் அதே சொற்களில் மறுபடி கேளுங்கள். சொற்களை மாற்றினால் அவன் முதலிலிருந்து யோசிக்க வேண்டும். எப்போதும் "பால்" என்றே சொன்னால், "பாலா, டீயா?" என்று வரிசையை மாற்றிப் பாருங்கள். இப்போது "டீ" என்றால், கடைசியாகக் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறான். அப்போது இரண்டு டம்ளரையும் எதிரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். "ரெண்டும் வேணாம்" என்றால் அதையும் ஏற்க வேண்டும்.

அடுத்தது, நோட்டில் "தன்னம்பிக்கை வளர்த்தல்" என்று இலக்கு எழுதுவது. அதை எப்படி அளப்பது? "காட்பாடியில் ஏறிப் பழைய பஸ் ஸ்டாண்டில் தனியாக இறங்கணும்" என்று அவன் சொன்னால் அதையே எழுதுங்கள். முதலில் பக்கத்து சீட்டில் உட்காருங்கள். பிறகு இரண்டு சீட் பின்னால். கடைசியில் இறங்கும் இடத்தில் காத்திருங்கள். கண்டக்டரிடம் நீங்கள் சொல்லிவைத்தால் பாடம் கெட்டது. அவனே சொல்லட்டும், அல்லது எழுதிய அட்டையைக் காட்டட்டும். நிறுத்தத்தைத் தவறவிட்டால் அடுத்ததில் இறங்கித் திரும்பி வருவதையும் கூட இருந்தே ஒருமுறை பழக்கிவிடுங்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல் என்று சலுகைகள் உண்டு. விண்ணப்பத்தைப் பெரியவர்களே முடித்துவிடுவதால், எழுதுபவரை மாணவி தேர்வறையில்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். "அதை அடிச்சிட்டு இப்படி எழுதுங்க" என்று சொல்லத் தயங்கியே மதிப்பெண் போகிறது. காலாண்டுத் தேர்விலேயே வேறொருவரை உட்காரவைத்து, திருத்தச் சொல்லவும் வாசித்துக்காட்டக் கேட்கவும் பழக்குங்கள்.

18 வயதுக்குப் பிறகும் முடிவெல்லாம் நம் கையில்தான் என்று நினைப்பது இன்னொரு தவறு. பெற்றோர் தாமாகவே சட்டக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி வரம்புக்குட்பட்ட காப்பாளர் (குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்) நியமிக்கப்பட்டாலும், அவர் பிள்ளையோடு சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். பாங்குப் படிவத்தைப் படித்துக்காட்டி, "இதுல எதுக்குக் கையெழுத்துப் போடறே?" என்று கேட்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடலாம்.