தினமும் தலைவலியா? மாத்திரை போட்ட நாட்களை எண்ணிப் பாருங்கள்

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேலாகத் தலை வலிக்கிறது என்றால் அது நாள்பட்ட தினசரித் தலைவலி. அதை எப்படிச் சமாளிப்பது என்று பார்ப்போம்.

படி 1: ஆபத்து அறிகுறிகள்

இடி விழுந்தாற்போல் சட்டென்று உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வைக் குறைவு, தலையில் அடிபட்டபின் வந்த வலி: இதில் எது இருந்தாலும் படிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். 50 வயதுக்குமேல் புதிதாக ஆரம்பித்த தலைவலியையும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 2: ஒரு மாதக் குறிப்பு

ஆப் எல்லாம் வேண்டாம், காலண்டர் போதும். வலித்த நாளில் ஒரே வரி, வலி 10-க்கு எத்தனை என்ற மதிப்பெண்ணோடு:

"செவ்வாய். 10-க்கு 6. இடது பொட்டு, விண்விண். குமட்டல். மதியம் 2 முதல் இரவு 9. பாராசிட்டமால் 1."

இந்த வரி மைக்ரேன் பக்கம் கை காட்டுகிறது. வெளிச்சம் கூசினால், படியேறும்போது வலி கூடினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். தலையைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கியதுபோல் இரு பக்கமும் வலித்தால் பெரும்பாலும் டென்ஷன் தலைவலி. இரண்டும் கலந்து வருபவர்களும் உண்டு.

படி 3: மாத்திரைக் கணக்கு

பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். எத்தனை மாத்திரை என்பதைவிட, எத்தனை நாள் போட்டீர்கள் என்பதே முக்கியம். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றுக்கு ஆபத்து எல்லை மாதம் 15 நாள். மைக்ரேனுக்கென்றே தரும் டிரிப்டான் வகைக்கும் பல மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகளுக்கும் 10 நாள். மாதக்கணக்கில் இந்த அளவைத் தொட்டால் வலியைத் தணிக்கப் போட்ட மாத்திரையே அடுத்த வலியைக் கூட்டிவரும். காலையில் எழும்போதே தலை கனக்கும், மாத்திரை போட்டால் விடும், மறுபடி வரும். நிறுத்தினால் முதல் சில நாட்கள் வலி கூடத்தான் செய்யும்; அதனால் எதை எப்படி நிறுத்துவது என்று டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

படி 4: தூக்கம், காபி

லீவு நாளிலும் ஒரே நேரத்தில் எழுங்கள். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். காபியைச் சட்டென்று நிறுத்தினால் ஒரே நாளில் தலை வலிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

படி 5: டாக்டரிடம்

காலண்டரைக் கையோடு கொண்டுபோங்கள். வலி வராமல் தடுக்கும் மருந்து கொடுத்தால் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும்; நாலு நாளில் விட்டுவிடாதீர்கள். ஸ்கேன் எழுதித் தரவில்லையே என்று குறைபட வேண்டாம். ஆபத்து அறிகுறி இல்லாமல், பரிசோதனையும் சரியாக இருந்தால் பெரும்பாலும் அது தேவைப்படாது.