செசேரை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

கிளிநொச்சி, மாங்குளம் பக்கம் வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்கள் கரீபியனில் பிரான்சின் காலனியாக இருந்த மார்ட்டினிக் தீவின் கவிஞரும் அரசியல்வாதியுமான எமே செசேரை எடுத்தால், கவிதையை விட்டு 1946-இல் தொடங்குங்கள். அந்த வருடம்தான் மார்ட்டினிக் தீவைத் தனிநாடாக்காமல், சம உரிமையோடு பிரான்சின் ஒரு மாவட்டமாக்கும் சட்டத்தை அவர் முன்னின்று கொண்டுவந்தார். காலனியத்தை அவ்வளவு கடுமையாகத் தாக்கியவர் ஏன் இப்படிச் செய்தார் என்று உடனே தீர்ப்புச் சொல்லாமல் ஒரு மாலை முழுக்க வாதாடுங்கள், விசயமே அதில்தான் இருக்கிறது. அப்புறம் 1956-இல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு விலகி எழுதிய கடிதம். 1958-இல் அவர் தொடங்கிய கட்சி சுயாட்சி கேட்டது, ஏனென்றால் அதிகாரம் பாரிசிலேயே தங்கிவிட்டது.

சரி, இனி நம்முடைய பக்கம். 1926-இல் பண்டாரநாயக்க பேசிய சமஷ்டி (கூட்டாட்சி), 1949-இல் அதையே கேட்டுத் தொடங்கிய தமிழரசுக் கட்சி, 1957-இன் பண்டா-செல்வா ஒப்பந்தம். இரண்டு கதையும் ஒன்றென்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். மாகாண சபைகளைக் கொண்டுவந்த, இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் காணிப் பகுதியை அச்செடுத்து வைத்துக்கொண்டு, வன்னிக் காணிக்கு முடிவெடுப்பது யார் என்று வரிவரியாகப் பாருங்கள்.