வண்டில் ஏறி வாழும் சிற்றுண்ணி: புதுச் சிற்றினம் என்று எழுதும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாண வண்டையோ தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டையோ பிடித்து மல்லாத்திப் பாருங்கள். கால் இடுக்குகளில் பழுப்பு நிறப் புள்ளிகள் நகர்வது பல சமயம் கண்ணுக்கே தெரியும். அவை மைட் எனப்படும் சிற்றுண்ணிகள். இவற்றில் பெயரிடப்படாதவை ஏராளம் என்பதால் புதுச் சிற்றினம் கிடைப்பது அரிதல்ல. கிடைத்ததை ஒழுங்காக எழுதுவதுதான் அரிது. பிழைகளில் பெரும்பகுதி நுண்ணோக்கியில் கண் வைப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

முதல் பிழை, பல வண்டுகளை ஒரே குப்பியில் போடுவது. வண்டு செத்ததும் சிற்றுண்ணிகள் பிடியை விட்டு இறங்கும். எத்தனாலில் மிதந்து எல்லாம் கலந்துவிடும். எது எந்த வண்டில் இருந்தது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. குழிப்பொறியில் மொத்தமாக விழுந்தவற்றுக்கும் இதே கதிதான். இது ஏதோ பதிவேட்டுச் சுத்தம் பற்றிய கவலை அல்ல. பிணம் புதைக்கும் வண்டுகளான நிக்ரோபோரஸ் மேல் வாழும் பொசிலோகைரஸ் கராபி என்ற சிற்றுண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1882-இல் கனெஸ்ட்ரினி என்ற குடும்பப்பெயர் கொண்ட இரு ஆய்வாளர்கள் பெயரிட்ட இதை வெகுகாலம் ஒரே சிற்றினமாகத்தான் கருதினார்கள். பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் மிச்சிகனிலும் நடந்த சோதனைகளில், ஒரே காட்டில் இருந்தும் வெவ்வேறு வண்டினங்களைத் தேர்ந்து ஏறும் தனித்தனிக் கூட்டங்கள் அதற்குள் இருப்பது தெரியவந்தது. பார்வைக்கு இவற்றைப் பிரிப்பது கடினம். எந்த வண்டில் ஏறுகிறது என்பதுதான் முதல் துப்பு. அந்தத் துப்பைக் குப்பியிலேயே தொலைத்துவிட்டால் மிச்சத்தை எவ்வளவு அழகாக வரைந்தும் பயனில்லை.

ஆகவே ஒரு வண்டுக்கு ஒரு குப்பி. உடலில் எந்த இடத்தில் இருந்தது என்பதையும் அப்போதே குறியுங்கள்: முன்னிறக்கையின் அடியிலா, மார்பின் கீழா, கால் அடிகளுக்கு நடுவிலா? பொறிவண்டுகளின் முன்னிறக்கைக்கு அடியில் ஒட்டி வாழும் காக்சிபோலிபஸ் போன்றவற்றை, இறக்கையைத் தூக்கிப் பார்க்காதவர் காணவே மாட்டார். வேலை முடிந்ததும் வண்டைத் தூக்கி எறியாதீர்கள். சிற்றுண்ணிக்குக் கொடுத்த எண்ணையே அதற்கும் கொடுத்துச் சேமித்து வையுங்கள். வண்டின் அடையாளம் தவறு என்று பின்னால் ஒருவர் நிறுவ வேண்டியிருந்தால் அதற்கு அந்த வண்டு வேண்டும்.

வண்டின் மேல் இருப்பதெல்லாம் ஒட்டுண்ணி என்று தலைப்பிலேயே எழுதிவிடுவது இன்னொரு வழக்கமான அவசரம். பொசிலோகைரஸ் வண்டைச் சவாரிக்குத்தான் பயன்படுத்துகிறது. பிணத்தை அடைந்ததும் இறங்கி ஈ முட்டைகளைத் தின்னும். வண்டின் உடலிலிருந்து உண்கிறது என்பதற்குச் சான்று இல்லாதவரை ‘உடன் காணப்பட்டது’ என்று எழுதுவதே நேர்மை.

சவாரி செய்வது எந்தப் பருவம் என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். பொசிலோகைரஸில் ஏறுவது இரண்டாம் இளம்பருவமான டியூட்டோநிம்ப். சாண வண்டுகளில் வரும் மேக்ரோகெலிஸில் ஏறுவது முதிர்ந்த பெண்கள்; ஆண்கள் சாணத்திலேயே தங்கிவிடும். ஆஸ்டிக்மேட்டா பிரிவிலோ சவாரிப் பருவத்துக்கு உண்ணும் வாயே கிடையாது. வயிற்றுப்புறம் உறிஞ்சு தட்டு ஒன்று இருக்கும். முதிர்ந்த உயிரோடு இதற்குக் கொஞ்சமும் சாயல் இல்லாததால், இதை ஹைப்போபஸ் என்ற தனிப் பேரினமாகவே ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். கையில் ஒரே பருவம்தான் இருக்கிறதென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். முடிந்தால் உயிருள்ள வண்டைச் சாணத்தோடோ பிணத்தோடோ வளர்த்து, சிற்றுண்ணிகளை இறங்கிப் பெருகவிட்டு மற்றப் பருவங்களையும் பிடியுங்கள். ஒரு பருவத்தை மட்டும் வைத்து எழுதிய பெயர் பின்னாளில் வேறொரு பெயரின் மறுபெயராகிப்போக எல்லா வாய்ப்பும் உண்டு.

ஸ்லைடு செய்வதைப் பற்றிச் சுருக்கமாக. லாக்டிக் அமிலத்தில் நன்றாகத் தெளியவைக்காமல் ஏற்றினால் நுண்மயிர்களின் அடிக்குழிகள் தெரியாது. மூடுகண்ணாடியை அழுத்தினால் உடல் நசுங்கி அகலம் கூடும். அந்த மைக்ரோமீட்டர் அளவை வேறுபாடாகக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். மாதிரியை ஸ்லைடில் பதிக்கும் ஹோயர் ஊடகம் காற்றின் ஈரத்தை இழுக்கும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் நன்றாக உலர்த்தி ஓரம் பூசாத ஸ்லைடு நீடிக்காது. டி.என்.ஏ. எடுப்பதாக இருந்தால் முழு உடலையும் அரைக்காதீர்கள். தோல்கூட்டைச் சிதைக்காமல் டி.என்.ஏ.வைப் பிரித்துவிட்டு அதே கூட்டை ஸ்லைடில் ஏற்றும் முறைகள் இருக்கின்றன.

ஒப்பீடுதான் உண்மையில் அதிகம் சொதப்பும் இடம். ‘அறியப்பட்ட எல்லாச் சிற்றினங்களிலிருந்தும் அளவில் வேறுபடுகிறது’ என்ற ஒரு வரியை நான் ஒப்பீடாகவே எண்ணமாட்டேன். எந்தச் சிற்றினத்துக்கு மிக நெருக்கம், எந்த நுண்மயிர், எந்தத் தகட்டின் விளிம்பு வேறு என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். மீசோஸ்டிக்மேட்டா என்ற சிற்றுண்ணிப் பிரிவில் முதுகு மயிர்களுக்கு 1965-இல் லிண்ட்குவிஸ்ட், எவான்ஸ் வகுத்த குறியீட்டைப் பலரும் பின்பற்றுகிறார்கள். நீங்கள் எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்று சொல்லாவிட்டால் உங்கள் படத்தை எவரும் பழைய படத்தோடு பொருத்த முடியாது. பழைய விவரிப்புகள் பல லத்தீனிலும் ஜெர்மனிலும் இத்தாலியனிலும் சில வரிகளே இருக்கும். அவற்றைப் படித்து மட்டும் முடிவு கட்டாமல் மூல மாதிரியைக் கேட்டுப் பாருங்கள். பல சிற்றுண்ணிகளுக்குப் பெயரிட்ட இத்தாலியர் பெர்லேசியின் ஸ்லைடுகள் இன்றும் புளோரன்ஸில் இருக்கின்றன. ஒரே ஒரு மாதிரியை வைத்து எழுதுவதும் ஆபத்து. இரண்டு மயிர் குறைவாக இருப்பது அந்த ஒற்றை உயிரின் கோளாறாகவும் இருக்கலாம்.

பிறகு சட்டம். விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின்படி 1999-க்குப் பின் வெளியாகும் பெயருக்கு அது புதியது என்ற வெளிப்படையான குறிப்பு, பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி, அதாவது ஹோலோடைப், எது என்ற அறிவிப்பு, அது எந்தத் தொகுப்பில் இருக்கும் என்ற வாசகம் மூன்றும் தேவை. ‘ஆசிரியர்களிடம் உள்ளது’ என்று எழுதி மாதிரியை மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்வது இந்தியாவில் சட்டத்துக்கும் ஒவ்வாது. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, புதிதாகக் கண்டறிந்ததை அறிவித்து மாதிரியை அதற்கென நியமிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் அளவைத்துறை அத்தகைய ஒன்று. கருத்தரங்கச் சுருக்கத்தில் பெயரை முன்கூட்டியே அவிழ்த்துவிடாதீர்கள். அங்கே அது செல்லுபடியாகாது, குழப்பம் மட்டும் மிஞ்சும். அச்சில் வராமல் இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் முன்பே பதிந்திருக்க வேண்டும். பதிந்ததற்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். இதழ்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விடாமல் கடைசி மெய்ப்பில் அந்தப் பதிவு எண்ணை நீங்களே தேடிப் பாருங்கள்.