மலையில் ரவுட்டர் பூட்டும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றுக்குப் போயிருந்தேன், சிம் போடும் 4ஜி ரவுட்டர் பூட்டும் வேலை நடந்தது. தொழிலுக்குப் புதிதாக வந்த இரண்டு தம்பிகள் கூரையில் அன்டனா கட்டி, அதிலிருந்து கறுப்பு வயரை நான்கு காம்பரா தாண்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழு வருடத்துக்கு முன் நான் செய்த அதே பிழை. பார்க்கப் பொறுக்கவில்லை. சிம்மைத் திருப்பிப் போடுவது, பாஸ்வேர்டை மறப்பது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும், அவற்றை விடுவோம்.

நீள வயர்

வீட்டுக்குள் சிக்னல் இல்லை, கூரையில் இருக்கிறது. அப்படியென்றால் அன்டனாவை மேலே வைத்து வயரைக் கீழே இறக்கினால் சரி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மலிவாகக் கிடைக்கும் மெல்லிய ஆர்ஜி 58 வயரில் 2300 மெகாஹேர்ட்ஸ் 4ஜி சிக்னல் 10 மீற்றர் ஓடினாலே ஏறக்குறைய 10 டெசிபெல் குறைந்துவிடும். அதாவது பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 20 மீற்றர் என்றால் நூறில் ஒன்று. அன்டனா சேர்த்துக் கொடுப்பதை வயர் தின்றுவிடும்.

நான் அப்படிப் பூட்டியது கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவின் வீட்டில். மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். சீட்டு எடுத்த காசில் அன்டனாவும் 25 மீற்றர் வயரும் வாங்கினோம். ஜன்னலோரம் வைத்திருந்தபோது ரவுட்டரில் சிக்னல் அளவு மைனஸ் 108 காட்டியது. பூட்டிய பிறகு மைனஸ் 114. இந்த எண் பூச்சியத்தை நெருங்க நெருங்கத்தான் நல்லது. கூட்டித் தருகிறேன் என்று காசு வாங்கி, இருந்ததையும் குறைத்துவிட்டேன். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அது இன்றும் உறுத்துகிறது.

ரவுட்டரையே மேலே ஏற்றுங்கள். மழை படாத பெட்டியில் வைத்து, அன்டனா வயரை அரை மீற்றரோடு நிறுத்தி, அங்கிருந்து லேன் வயரை இறக்குங்கள். லேன் வயர் 100 மீற்றர் வரை தாங்கும். மறு மாதம் அப்படி மாற்றியதும் மைனஸ் 90 வந்தது. பழைய வயரின் காசை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

பொருந்தாத அன்டனா

900 மெகாஹேர்ட்ஸுக்குச் செய்த யாகி அன்டனா (மீன் முள் போலக் கம்பிகள் வைத்தது) 2300 மெகாஹேர்ட்ஸுக்கு உதவாது.

பூஸ்டர்

அன்டனா வேறு, அலையைப் பெருக்கித் திருப்பி விடும் பூஸ்டர் வேறு. ரேடியோ அலை வெளியிடும் கருவிகளை 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் அனுமதிப்பத்திரத்துக்குள் வைத்திருக்கிறது. சும்மா வைக்கவில்லை. கண்டபடி பூட்டிய பூஸ்டரின் இரைச்சல் டவருக்குள் போனால், அந்த டவரை நம்பியிருக்கும் தோட்டம் முழுக்க லைன் கெடும். ஒரு வீட்டுப் பிள்ளையின் படிப்புக்காக அடுத்த லயத்துப் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கலாமா? யார் கேட்டாலும் பூட்டிக் கொடுக்காதீர்கள்.

பழைய ரவுட்டர்

பழையது வாங்கும்போது கவனம். போனைப் போலவே சிம் போடும் ரவுட்டருக்கும் ஐஎம்இஐ என்ற அடையாள எண் உண்டு, அடியில் ஒட்டியிருக்கும். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

இடி

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் வானம் கறுத்தால், பிளக்கோடு லேன் வயரையும் கழற்ற வேண்டும். வீட்டுக்காரர்களுக்குக் கையோடு கழற்றிக் காட்டிவிட்டு இறங்குங்கள்.